பைக்கைத் தூக்கி நிறுத்த: வீட்டு வேலைக்கு எந்த ஸ்டாண்ட்?

செயினுக்கு ஒயில் விடப் பின்சில்லு சுற்ற வேண்டும். சில்லு சுற்ற வேண்டுமென்றால் அது நிலத்தில் படக்கூடாது. வீட்டில் ஆசையோடு தொடங்கும் பைக் வேலைகள் பல இந்த இடத்திலேயே நின்றுவிடுகின்றன. ஸ்பனர் செட் இருக்கும், பிரஷ் இருக்கும், மண்ணெண்ணெய்ப் போத்தலும் இருக்கும். பைக் மட்டும் சைட் ஸ்டாண்டில் சரிந்து நிற்கும். ஒருவர் பைக்கைத் தன் பக்கம் சரித்துப் பிடிக்க, மற்றவர் சில்லைச் சுற்றுவது ஒரு நாளைக்குச் சரி. ஒவ்வொரு 500 கிலோமீற்றருக்கும் செய்ய வேண்டிய வேலையை அப்படிச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. வேலை தள்ளிப்போகும், செயினும் அது ஓடும் பற்சக்கரமான ஸ்ப்ரொக்கட்டும் காலத்துக்கு முன்னரே தேயும்.

இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில்தான் சொந்தப் பாவனை வாகனங்களுக்கும் திறந்தது. அந்த ஐந்து வருடமும் இருந்த பைக்கைப் பார்த்துப் பார்த்து ஓடவைத்தவர்கள் நாங்கள். கொழும்பில் இன்றும் பத்து வயது தாண்டிய பல்சரும் சீ.டி. 100உம் தினமும் வேலைக்குப் போய்வருகின்றன. அவற்றுக்கு நல்ல ஸ்பனரைப் போலவே நல்ல ஸ்டாண்டும் தேவை.

கடைக்குப் போனால் முதற்கேள்வி "என்ன பைக்?" என்பதுதான். அதற்கு முன்னர் நீங்களே கேட்டுக்கொள்ள வேண்டியது, "என்ன வேலை?" என்று. ஏனென்றால் ஒரு ஸ்டாண்ட் எந்த உறுப்பில் பாரத்தைத் தாங்குகிறதோ, அந்த உறுப்பைக் கழற்ற அது உதவாது. இதை விளங்கிக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

பைக்கின் நடுவில் இரு கால்களோடு இருக்கும் டபுள் ஸ்டாண்ட் சட்டகத்தைத் தாங்குகிறது. பின்சில்லும், அதைப் பிடித்திருக்கும் கையான சுவிங் ஆர்மும் அதிர்வு தாங்கும் ஷொக்கில் தொங்குகின்றன. ஆகவே சில்லு, ஷொக், சுவிங் ஆர்ம் புஷ் எல்லாவற்றையும் கழற்றலாம். பெடொக் ஸ்டாண்ட் என்பது பின்னாலிருந்து கொடுத்துக் கைபிடியை அமுக்கித் தூக்கும் தனி ஸ்டாண்ட். அது சுவிங் ஆர்மின் பின்முனையைத் தாங்குகிறது. பைக்கின் பாரம் அப்போதும் ஷொக் வழியாகத்தான் இறங்குகிறது. சில்லைக் கழற்றலாம், ஆனால் ஷொக் போல்ட்டில் ஸ்பனரை வைக்கக்கூடாது. வைத்துக் கழற்றினால் சட்டகம் அப்படியே கீழே உட்காரும். முன்பக்கமும் இதே கதைதான். முன்சில்லைப் பிடித்திருக்கும் இரட்டைக் குழாயான ஃபோர்க்கின் அடியில் பிடிக்கும் ஸ்டாண்டில் முன்சில்லைக் கழற்றலாம், ஃபோர்க்கைக் கழற்ற முடியாது. ஸ்டெயரிங் தண்டின் அடித்துளையில் முளையை நுழைத்துத் தூக்கும் ஸ்டாண்டில் ஃபோர்க்கையும் கழற்றலாம். ஆனால் ஸ்டெயரிங் பெயாரிங் மாற்ற முடியாது, பாரமே அந்தத் தண்டில்தான் நிற்கிறது.

செயின் தளர்வை அளக்கும்போதும் இந்த வேறுபாடு வரும். சுவிங் ஆர்ம் தொங்கும்போது ஓர் அளவு, பாரத்தோடு நிற்கும்போது இன்னோர் அளவு. சிறிய பைக்குகளுக்கு 20 முதல் 30 மில்லிமீற்றர் என்று பொதுவாகச் சொல்வார்கள். அந்த அளவை டபுள் ஸ்டாண்டில் எடுக்க வேண்டுமா, சைட் ஸ்டாண்டில் எடுக்க வேண்டுமா என்பது உங்கள் பைக்கின் கையேட்டில் இருக்கும். அதைப் பார்க்காமல் இறுக்கினால், பின்னால் ஆள் ஏறியதும் செயின் கம்பியாக விறைத்து, கியர்பொக்ஸ் தண்டின் பெயாரிங்கை இழுக்கும்.

பைக்கோடு வந்த டபுள் ஸ்டாண்ட்

ஸ்பிளெண்டர், சீ.டி. 100, பல்சர் 150 போன்ற பைக் வைத்திருப்பவர்கள் புதிதாக எதையும் வாங்கும் முன்னர் பைக்கிலேயே இருக்கும் டபுள் ஸ்டாண்டைச் சரியாக்குங்கள். பலருடைய டபுள் ஸ்டாண்ட் பயன்படாமல் கிடப்பதற்குக் காரணங்கள் மூன்று: பாதம் தேய்ந்திருக்கும், அச்சு துருப்பிடித்து இறுகியிருக்கும், அல்லது பெரிய டயர் போட்டிருப்பார்கள்.

சமதரையில் டபுள் ஸ்டாண்டில் ஏற்றிவிட்டுப் பின் டயருக்கும் தரைக்கும் இடையில் விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழையவில்லை என்றால் சில்லு சுற்றும்போது உரசும். 90/90 டயர் இருந்த இடத்தில் 100/90 போட்டால் டயரின் சுவர் உயரம் 81 மில்லிமீற்றரிலிருந்து 90க்குப் போகும். அந்த 9 மில்லிமீற்றர் இடைவெளியிலிருந்துதான் போகிறது. தற்காலிகத் தீர்வு, 12 மில்லிமீற்றர் ப்ளைவுட் துண்டு ஒன்று. அகலம் 40 சென்ரிமீற்றர், நீளம் 25 இருந்தால் போதும். பலகை ஸ்டாண்டின் பாதங்களுக்குக் கீழ் மட்டும் வரவேண்டும். பின் டயரும் பலகையில் ஏறி நின்றால் உயர்ந்தது ஒன்றுமில்லை. நிரந்தரத் தீர்வு, தேய்ந்த பாதங்களுக்கு இரும்புத் தகடு வெல்டிங்கில் ஒட்டுவது. இரண்டு பாதங்களும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று ஒட்டும் முன்னரும் பின்னரும் அளவுகோலால் பாருங்கள். 3 மில்லிமீற்றர் வித்தியாசம் இருந்தாலே பைக் ஒரு பக்கம் சரிந்து நிற்கும். ஆசைப்பட்டுக் கூட உயர்த்தவும் வேண்டாம். ஒவ்வொரு மில்லிமீற்றரும் ஏற்றும்போது உங்கள் இடுப்பில்தான் தெரியும்.

அச்சைக் கழற்றித் துருவைத் துடைத்து, கிரீஸ் பூசி, ஸ்பிரிங்கை மாற்றினால் அரைவாசிப் பாரம் குறைந்ததுபோல் இருக்கும். ஸ்பிரிங் தளர்ந்த டபுள் ஸ்டாண்ட் ஓட்டத்தில் கீழே தொங்கி வேகத்தடையில் இடிக்கும் என்பதால், வேலை செய்யாவிட்டாலும் இதைப் பார்த்தே ஆகவேண்டும்.

ஏற்றும் முறையில் பலர் பைக்கை மேலே இழுக்கிறார்கள். இழுக்க வேண்டியதில்லை. இடது கை ஹான்டிலில், வலது கை பின் பிடியில். ஸ்டாண்டின் இரு பாதங்களும் தரையைத் தொடும் வரை பைக்கை நிமிர்த்துங்கள். தொட்டதும் ஒரு சின்ன அசைவில் தெரியும். பிறகு வலது காலால் ஸ்டாண்டின் மிதியில் உங்கள் முழு எடையையும் இறக்குங்கள். பைக் பின்னோக்கி உருண்டு தானாகவே ஏறும். கையின் வேலை வழிகாட்டுவது மட்டும்.

ஏறிய பிறகு இருக்கும் ஆபத்து, பைக் முன்னோக்கி நகர்ந்தால் ஸ்டாண்ட் மடிந்துவிடும் என்பது. பின் அச்சு நட்டை முழுப் பலத்தோடு இழுக்கும்போது இது நடக்கும். இதற்கு இரண்டு காப்பு. ஒன்று, பெரிய நட்டுகள் எல்லாவற்றையும் இரு சில்லும் தரையில் இருக்கும்போதே கால் சுற்று தளர்த்திவிடுவது. முடிவில் இறுக்குவதும் தரையில்தான். மற்றது, ஸ்டாண்டின் குறுக்குச் சட்டத்தையும் என்ஜினுக்கு முன்னால் இறங்கும் சட்டகக் குழாயையும் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டுவது. கட்டிய பிறகு ஸ்டாண்டின் கால் பின்னால் போக வழியில்லை.

டபுள் ஸ்டாண்டில் நிற்கும் பைக்கின் முன்சில்லைத் தூக்க, கார் ஜக் ஒன்றும் 2 அங்குலத் தடிப்புள்ள பலகையும் போதும். ஜக்கின் தலை சிறியது, நடுவில் பள்ளம் வேறு. அதை நேரே என்ஜினில் வைத்தால் அலுமினிய உறை வெடிக்கும். பலகை நடுவில் இருக்கட்டும். சட்டகம் என்ஜினுக்கு அடியால் ஓடும் பைக் என்றால் அந்தக் குழாய்களில் தாங்குங்கள். இல்லையென்றால் என்ஜின் அடியின் தட்டையான இடத்தில். ஒயில் வடிக்கும் நட்டிலும் சைலன்சர் வளைவிலும் ஒருபோதும் வேண்டாம். தூக்கி முடிந்ததும் ஜக்கின் பக்கத்தில் மரக்கட்டை அடுக்கி அதன் மேல் பாரத்தை இறக்குங்கள். ஜக் தூக்குவதற்கான கருவி. மணிக்கணக்காகத் தாங்கி நிற்பதற்கு மரம்தான்.

பெடொக் ஸ்டாண்ட்: பிடிக்கும் இடமும் பொறிமுறையும்

பல்சர் என்.எஸ். 200, டியூக் 200 போன்ற பைக்குகளில் டபுள் ஸ்டாண்ட் இல்லை. என்.எஸ். 200இல் அது வரவேண்டிய இடத்தில் சைலன்சர் உட்கார்ந்திருக்கிறது. இவற்றுக்குப் பின்பக்கப் பெடொக் ஸ்டாண்ட்தான் வழி.

பிடிக்கும் முறை இரண்டு. சுவிங் ஆர்மின் இரு பக்கமும் நூல்கண்டு போன்ற ஒரு உருளையைப் போல்ட் போட்டுப் பூட்டி, அதை ஸ்டாண்டின் கவையில் ஏற்றுவது ஒன்று. உருளையை பொபின் என்பார்கள். மற்றது, ரப்பர் ஒட்டிய எல் வடிவத் தாங்கியைச் சுவிங் ஆர்மின் அடியில் கொடுப்பது. பொபின் நழுவாது, தனியாளாக வேலை செய்ய அதுவே நல்லது. ஆனால் சுவிங் ஆர்மில் கம்பனியே புரி வெட்டிய துளை இருந்தால் மட்டும் அதை நினையுங்கள். அளவு பைக்குக்குப் பைக் மாறும். யமஹாவில் பெரும்பாலும் எம் 6 (அதாவது 6 மில்லிமீற்றர் போல்ட்), ஹொண்டாவிலும் சுசுகியிலும் எம் 8, சிலவற்றில் எம் 10. எம் 8இன் புரி இடைவெளி 1.25 மில்லிமீற்றர். எம் 10இல் 1.5உம் 1.25உம் இரண்டும் புழக்கத்தில் உண்டு என்பதால், போல்ட்டைக் கையால் முழுவதும் சுற்றிப் பார்த்த பிறகே ஸ்பனரை எடுங்கள். அலுமினியத்தில் தவறான புரியை ஒருமுறை இறுக்கினால் துளை போய்விடும்.

துளை இல்லாத சுவிங் ஆர்மில் ட்ரில் போட்டுத் துளைக்க வேண்டாம், நட்டு ஒட்டவும் வேண்டாம். உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் அதைச் செய்துதரவும் ஆள் கிடைப்பார், அது பாதுகாப்பு என்று அர்த்தமாகாது. சுவிங் ஆர்ம் ஓட்டத்தில் முறுக்கும் வளைவும் தாங்கும் உறுப்பு. துளையின் ஓரத்திலிருந்தோ வெல்டிங் ஓரத்திலிருந்தோ வெடிப்புத் தொடங்கினால் வெளியில் தெரியாது. அந்த பைக்குக்கு எல் தாங்கி போதும்.

எல் தாங்கி வைக்கும் இடத்தை முதலில் குனிந்து பாருங்கள். ட்ரம் பிரேக் உள்ள பைக்கில் வலது பக்கம் பிரேக் கம்பியும் முறுக்குத் தடுக்கும் தண்டும் சுவிங் ஆர்மின் அடியை ஒட்டி ஓடும். தாங்கி அவற்றை நசுக்கினால் கம்பி வளைந்து பிரேக் இறுகி நிற்கும். சைலன்சர் அருகில் இருந்தால் சுவிங் ஆர்முக்கும் அதற்கும் இடையில் 40 மில்லிமீற்றராவது இருக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டாண்டின் கால் நுழையாது. இடது பக்கம் செயின் கவரும் அப்படித்தான். முடிந்தளவு பின்னால், செயின் இழுக்கும் போல்ட்டுக்குச் சற்று முன்னால் இருப்பது சரியான இடம்.

இனி பொறிமுறை. வாங்கினாலும் செய்தாலும் ஸ்டாண்ட் நல்லதா கெட்டதா என்பது இதில்தான் இருக்கிறது. ஸ்டாண்ட் இரண்டு ரோலர்களின் அச்சைச் சுற்றித் திரும்புகிறது. தொடங்கும்போது தாங்கி ரோலருக்கு முன்னால் இருக்கும். கைபிடியை அமுக்க அமுக்கத் தாங்கி உயர்ந்து, உச்சியைத் தாண்டி, ரோலருக்குச் சற்றுப் பின்னால் வந்து நிற்க வேண்டும். அப்படி நின்றால் பைக்கின் பாரமே கைபிடியைத் தரையோடு அமுக்கிப் பிடிக்கும். உச்சியிலேயே நின்றாலோ அதற்கு முன்னால் நின்றாலோ, யாராவது பைக்கில் சாய்ந்தவுடன் கைபிடி எழும்பும், பைக் விழும். மலிவான ஸ்டாண்ட்களின் பெரிய குறை இது. பூச்சு பளபளக்கும், கணக்குத் தவறியிருக்கும். கடையில் ஸ்டாண்டைத் தரையில் வேலை நிலையில் வைத்து, தாங்கியின் நடுவிலிருந்து ஒரு நூலில் நட்டைக் கட்டித் தொங்கவிடுங்கள். நூல் ரோலர் அச்சுக்கு 25 முதல் 40 மில்லிமீற்றர் பின்னால் விழ வேண்டும். கடைக்காரர் சிரித்தாலும் செய்யுங்கள்.

வெல்டிங் பாஸிடம் கொடுத்துச் செய்வதென்றால்

17 அங்குலச் சில்லில் 110/80 டயர் போட்ட பைக்கை எடுத்துக்கொள்வோம். அச்சின் உயரம் ஏறக்குறைய 304 மில்லிமீற்றர். சுவிங் ஆர்மின் அடி தரையிலிருந்து 275 அளவில் இருக்கும். உங்கள் பைக்கில் இரண்டையும் நீங்களே அளந்து கீழுள்ள கணக்கைத் திருத்துங்கள்.

80 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரோலர் போட்டால் அதன் அச்சு 40 மில்லிமீற்றர் உயரத்தில் வரும். ரோலர் அச்சிலிருந்து தாங்கியின் மேற்பரப்பு வரை 280 மில்லிமீற்றர் வையுங்கள். வேலை நிலையில் தாங்கி ரோலருக்கு 30 மில்லிமீற்றர் பின்னால் வரும்படி ஒட்டினால், தாங்கியின் உயரம் 318. ஆக டயர் 43 மில்லிமீற்றர் தூக்கப்படும். செயின் வேலைக்கும் சில்லு கழற்றவும் அது தாராளம். தூக்கத் தொடங்கும்போது தாங்கி ரோலருக்கு 152 மில்லிமீற்றர் முன்னால் நிற்கும். 145 கிலோ பைக்கின் பின் பாரத்தை 75 கிலோ என்று வைத்தால், 650 மில்லிமீற்றர் நீளக் கைபிடியில் நீங்கள் கொடுக்க வேண்டிய பலம் தொடக்கத்தில் 17 அல்லது 18 கிலோ. உச்சியை நெருங்க அது குறைந்துகொண்டே போகும். கைபிடியை 400 ஆகக் குறைத்தால் 28 கிலோ தாண்டும். இடம் மிச்சம் பிடிக்கக் கைபிடியை வெட்டுவது நல்ல யோசனையல்ல.

பின் குறுக்குச் சட்டம் ரோலர் அச்சிலிருந்து 470 மில்லிமீற்றர் தள்ளி வரட்டும். கிட்ட வந்தால் டயரின் பின்புறம் இடிக்கும். அதன் அடியில் பக்கச் சட்டங்கள் மட்டமாக நிற்கும் உயரத்துக்கு இரண்டு பாதத் துண்டுகள். ரோலர்களுக்கு இடையிலான அகலம் 400க்குக் குறையாமல் இருந்தால்தான் பக்கவாட்டுத் தள்ளலைத் தாங்கும்.

இரும்புக்கு 25க்கு 25 பொக்ஸ் பார் (சதுரக் குழாய்), சுவர்த் தடிப்பு 2 மில்லிமீற்றர். இரும்புக் கடைகள் உள்ள பழைய சோனகத் தெருவில் கேட்கும்போது தடிப்பைச் சொல்லிக் கேளுங்கள். சும்மா "ஒரு அங்குல பொக்ஸ் பார்" என்றால் கதவுக்கும் கூரைக்கும் போடும் மெல்லிய 1.2 தான் கைக்கு வரும். அது கால் சந்திக்கும் மூலையில் நசுங்கி வளையும். ஒரு ஸ்டாண்டுக்கு 3.2 மீற்றர் போதும், எடை நாலரைக் கிலோவுக்குச் சற்று மேல். 20 அடி முழு நீளம் வாங்கினால் ஒன்று செய்து மிச்சமும் இருக்கும், இரண்டு செய்யச் சற்றுப் போதாது. நிமிர்ந்த காலுக்கும் படுத்த சட்டத்துக்கும் இடையில் மூலைத் தாங்கல் துண்டு கட்டாயம். பாஸ் "தேவையில்லை, பலமாக ஒட்டித் தாறேன்" என்பார். ஒட்டு விடாது என்பது உண்மையாக இருக்கலாம். ஒட்டின் பக்கத்தில் பார் வளையும்.

தாங்கிக்கு 40க்கு 40 எல் இரும்பு, 50 மில்லிமீற்றர் நீளம். வெளி ஓரம் மேல்நோக்கி நிற்க வேண்டும், சுவிங் ஆர்ம் பக்கவாட்டில் வழுக்காமல் அது தடுக்கும். பழைய டயரின் பக்கச் சுவரில் வெட்டிய ரப்பரைத் தலை புதையும் போல்ட்டால் பூட்டுங்கள். பசை மட்டும் போட்டால் கொழும்பு வெயிலில் சில மாதத்தில் கழன்று, ஒருநாள் தூக்கும் நேரத்தில் ரப்பர் மட்டும் சறுக்கும். ஒன்றுக்கு மேற்பட்ட பைக்குக்கு வேண்டுமென்றால், 20க்கு 20 பொக்ஸ் பார் 25இன் உள்ளே நுழையும். உள்வெளி 21 மில்லிமீற்றர். அதில் தாங்கியை ஒட்டி, எம் 8 போல்ட் இரண்டால் இறுக்கினால் அகலம் மாற்றலாம்.

ரோலருக்குத் தள்ளுவண்டிக்குப் போடும் கெட்டியான நைலோன் சில்லு, எம் 12 போல்ட், நைலோன் பூட்டு நட்டு. தூக்கும்போது தாங்கிக்கும் ரோலருக்கும் இடையில் 18 சென்ரிமீற்றர் நகர்வு இருக்கிறது. பைக் பின்னால் வரவேண்டும் அல்லது ரோலர் முன்னால் ஓட வேண்டும். ரோலருக்குப் பதில் குழாய்த் துண்டை ஒட்டிவிட்டால் ஸ்டாண்ட் தரையைச் சுரண்டி நிற்கும், உங்கள் பலம் முழுவதும் அதிலேயே போய்விடும்.

கடைசியில் துரு எதிர்ப்புப் பூச்சு இரண்டு தடவை, அதன் மேல் எனாமல். பொக்ஸ் பாரின் திறந்த முனைகளை மூடி ஒட்டச் சொல்லுங்கள். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்கம் இருப்பவர்களுக்கு இது மிக முக்கியம். உப்புக்காற்று உள்ளே போனால் வெளியே பெயின்ட் புதிதாக இருக்க உள்ளே இரும்பு உரிந்துகொண்டிருக்கும்.

ஏற்றுவது, இறக்குவது

முதல் சில தடவை இரண்டு பேர். ஒருவர் பைக்கின் இடது பக்கம் நின்று ஹான்டிலையும் சீட்டையும் பிடித்து நிமிர்த்தி வைத்திருக்க வேண்டும். கியர் நியூட்ரலில், முன் பிரேக் விட்டபடி. சைட் ஸ்டாண்ட் கீழேயே இருக்கட்டும். மற்றவர் பின்னால் நின்று, இரண்டு தாங்கியும் ஒரே நேரத்தில் தொடுகின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட்டு, கைபிடியை ஒரே சீராகக் கீழே கொண்டுபோக வேண்டும். பாதியில் நிறுத்தக்கூடாது, துள்ளி மிதிக்கவும் கூடாது. ஒரு பக்கம் முதலில் உயர்வதுபோல் தெரிந்தால் உடனே இறக்கித் திரும்ப வையுங்கள்.

ஏறியதும் முன் பிரேக் லீவரை இழுத்துப் பழைய ரியூப் துண்டால் ஹான்டிலின் பிடியோடு சுற்றிக் கட்டுங்கள். இனி பைக் முன்னால் உருண்டு ஸ்டாண்டிலிருந்து இறங்காது. இந்த ரியூப் துண்டு இல்லாமல் பெடொக் ஸ்டாண்டைப் பாவிக்க வேண்டாம்.

இறக்கும்போது கட்டை அவிழ்த்து, சைட் ஸ்டாண்ட் கீழே இருக்கிறதா என்று பார்த்து, ஒரு கை பின் பிடியில், மறுகை ஸ்டாண்டில். உச்சியைத் தாண்டிய கணத்தில் பைக்கின் பாரம் கைபிடியை மேலே எறியும். முகத்தையும் முழங்காலையும் அந்தப் பாதையிலிருந்து விலக்கி வையுங்கள். கைபிடியை விட்டுவிடாமல் கடைசி வரை கூடவே கொண்டுபோங்கள்.

பெடொக் ஸ்டாண்டில் நிற்கும் பைக்கில் என்ஜின் ஒயில் மட்டம் பார்க்காதீர்கள். 1,300 மில்லிமீற்றர் நீளத்துக்குப் பின்பக்கம் 43 மில்லிமீற்றர் உயர்ந்தால் பைக் ஏறக்குறைய 2 பாகை முன்னால் சாய்ந்திருக்கிறது, கண்ணாடியில் தெரியும் மட்டம் பொய்.

இன்னொன்று. சில்லு காற்றில் இருக்கிறது என்பதற்காக என்ஜினை ஸ்டார்ட் செய்து கியரில் போட்டுச் செயின் துடைப்பது பல இடங்களில் நடக்கிறது. துணி செயினில் மாட்டினால் விரல் ஸ்ப்ரொக்கட்டுக்குள் போய்விடும், கையை இழுக்க நேரம் இருக்காது. என்ஜின் நின்றிருக்கட்டும், சாவி சட்டைப்பையில் இருக்கட்டும், சில்லைக் கையால் சுற்றுங்கள்.

முன்பக்க ஸ்டாண்டை அவசரப்பட்டு வாங்க வேண்டாம். முன்சில்லு வருடத்தில் ஓரிரு தடவை கழற்றும் வேலை. வாங்குவதென்றால் ஃபோர்க் அடியில் பிடிப்பதே நம் பைக்குகளுக்குப் பொருந்தும். தண்டில் நுழையும் வகைக்கு அடித்துளையின் உள்விட்டத்தை அளந்து அதற்கேற்ற முளை வேண்டும், பல சிறிய பைக்குகளில் மட்காட்டோ பிரேக் குழாயோ அந்தத் துளையை மறைக்கும். எதுவானாலும் பின்பக்க ஸ்டாண்டில் ஏற்றிய பிறகுதான் முன்பக்கம், இறக்கும்போது முன்பக்கம் முதலில்.

எக்ஸ்.ஆர். 250, டீ.டபிள்யூ. 200 போன்ற உயரமான பைக் வைத்திருப்பவர்களுக்கு என்ஜின் அடியில் வைக்கும் மரப்பெட்டியே நல்ல ஸ்டாண்ட். பிளாஸ்டிக் சோடாப் பெட்டியைப் பாவிப்பதை நிறுத்துங்கள். வெயிலில் கிடந்து நொறுங்கும் நிலைக்கு வந்த பெட்டி எச்சரிக்காமல் உடையும். பெட்டியின் உயரத்தை நிற்கும் பைக்கில் அளந்தால் பிழையாகும். தூக்கும்போது ஷொக் நீளும், சில்லு கீழேயே நிற்கும். இரண்டு பேர் பின் பிடியில் தூக்கி, டயர் தரையை விட்டு எழும்பும் கணத்தில் மூன்றாமவர் என்ஜின் அடியின் உயரத்தை அளக்கட்டும். அதோடு 2 சென்ரிமீற்றர் கூட்டினால் அதுதான் பெட்டியின் உயரம்.

டியோ போன்ற ஸ்கூட்டர்களில் டபுள் ஸ்டாண்ட் என்ஜினில் பூட்டப்பட்டிருக்கிறது, என்ஜினே சுவிங் ஆர்மாகவும் வேலை செய்கிறது. அதனால் டபுள் ஸ்டாண்டில் நிற்கிறதே என்று நம்பிப் பின் ஷொக்கைக் கழற்றினால் உடல் பகுதி சரிந்து இறங்கும். சட்டகத்தின் பின்பகுதிக்குத் தனியாக முட்டுக் கொடுங்கள். கால் வைக்கும் பலகையின் அடியில் ஜக் வைப்பதென்றால் பிளாஸ்டிக்கை விலக்கி இரும்புக் குழாயைத் தேடுங்கள்.

தரை

கொழும்பு வீட்டு போர்ட்டிகோக்கள் மழைநீர் ஓடுவதற்காகச் சரிவாகவே போடப்பட்டிருக்கும். ஒரு போளையைத் தரையில் வைத்து விடுங்கள். அது எந்தப் பக்கம் ஓடுகிறதோ அந்தப் பக்கம் பைக்கின் பின்புறம் இருக்கட்டும். பக்கவாட்டுச் சரிவில் பெடொக் ஸ்டாண்ட் வேண்டவே வேண்டாம். வழுவழுப்பான டைலில் ஒயில் ஒரு துளி சிந்தியிருந்தாலும் ரோலர் சறுக்கும். இன்டர்லொக் கல்லின் பிளவில் ரோலர் மாட்டும். இரண்டுக்கும் 4 அடிக்கு 2 அடி, 12 மில்லிமீற்றர் ப்ளைவுட் ஒன்று விரித்தால் போதும். மே தொடங்கும் தென்மேல் பருவமழையில் முற்றத்து மண் இளகிவிடும். அங்கே எந்த ஸ்டாண்டும் நிற்காது, பலகை போட்டாலும் மெதுவாகப் புதையும்.

இடம் எவ்வளவு வேண்டும் என்பதை அனெக்ஸில் இருப்பவர்கள் முன்கூட்டியே பார்க்க வேண்டும். பைக் 2 மீற்றர், கைபிடிக்கு அரை மீற்றர், அதற்குப் பின்னால் ஆள் குனிந்து நிற்க 60 சென்ரிமீற்றர். ஆக 3.1 மீற்றர் நீளம். அகலம், ஹான்டில் 80 சென்ரிமீற்றருக்குள் அடங்கினாலும் ஒரு பக்கமாவது உட்கார்ந்து வேலை செய்ய இன்னொரு 70. வீட்டுப் பக்கத்து நாலடி இடைவெளியில் ஏற்றலாம், சில்லைக் கழற்றி வெளியே எடுக்க முடியாது. தொடர்மாடி வாகனத் தரிப்பிடம் என்றால் நிர்வாகத்திடம் கேட்டுவிட்டு, கீழே அட்டை விரித்து வேலை செய்யுங்கள். கழிவு ஒயிலைக் காணில் ஊற்றாமல் போத்தலில் அடைத்துக் கராஜில் கொடுங்கள்.

புதிய ஸ்டாண்டில் முதல் மூன்று தடவை பைக்கை ஏற்றி இறக்கிய பிறகு, கால் சந்திக்கும் நான்கு மூலைகளையும் வெளிச்சம் பிடித்துப் பாருங்கள். பெயின்டில் முடி போன்ற கோடு தெரிந்தால் அடியில் ஒட்டு வெடித்திருக்கிறது. அரைத்துவிட்டுத் திரும்ப ஒட்ட வேண்டும். ரோலர் நட்டையும் தாங்கிப் போல்ட்டுகளையும் அப்போதே ஒருமுறை இறுக்குங்கள். வேலை முடிந்ததும் ஈரம் துடைத்து, தரையில் போடாமல் சுவரில் இரண்டு ஆணியில் தொங்கவிடுங்கள், ரோலர் மேல்பக்கமாக.